பழுது பார்த்தல்: அறமா, பற்றா?

ஆக்கியவனை உலகம் போற்றுகிறது, காத்தவனை மறந்துவிடுகிறது. ஒரு பள்ளிவாசலைக் கட்டியவரின் பெயர் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் மழைக்காலத்திற்கு முன் அதன் தளத்திலுள்ள வெடிப்புகளைத் தேடித் தேடி அடைத்தவரின் பெயர் எங்கும் காணப்படாது. புதிய கப்பல் நீரில் இறங்கும் நாளில் ஊர் திரண்டு நிற்கும். அதே கப்பல் சில ஆண்டுகள் கழித்துக் கரையேற்றப்பட்டு, அடிப்பலகையில் ஒட்டிய சிப்பிகள் சுரண்டப்படும் நாளில், சுரண்டுகிறவரைத் தவிர அங்கே எவரும் இருப்பதில்லை. பேணுதல் என்பது பெயர் தராத வேலை. பெயர் தராத வேலை என்பதனாலேயே அது தூய்மையான வேலை ஆகிவிடுமா என்பது வேறு கேள்வி.

அந்தக் கேள்வியைத்தான் நாம் இங்கே ஆராயப் புகுகிறோம். ஒருவரிடம் ஒரு பழைய படகு இருக்கிறது. அவர் படகோட்டி அல்லர், தச்சரும் அல்லர். அப்படகினால் அவருக்கு வருவாய் எதுவும் இல்லை. ஆயினும் தம் ஊதியத்தில் ஒரு பகுதியையும் விடுமுறை நாள்களையும் அதன் பழுதுகளுக்கே செலவிடுகிறார். ஒரு பலகை மாற்றினால் அடுத்த பலகை மக்கியிருப்பது தெரிகிறது. ஒரு கசிவை அடைத்தால் வேறொரு கசிவு தோன்றுகிறது. இவர் செய்வது அறமா? அல்லது அழியப்போகும் பொருளின்மேல் கொண்ட பற்றா?

இராசபாளையம், திருவில்லிபுத்தூர்ப் பகுதிகளில் வாழும் நமக்குக் கடலும் அருகில் இல்லை; படகோடும் ஆறும் இல்லை. திருவில்லிபுத்தூரை அடுத்த திருவண்ணாமலைக் குன்றருகே நின்று நோக்கினால் மேற்கே மலைத்தொடரும், சுற்றிலும் வயலும் கண்மாயுமே கண்ணில் படும். படகின் பழுது நமக்கெதற்கு என்று வாசகர் கேட்கலாம். படகைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. வீட்டுச் சுவரில் விழுந்த வெடிப்பு பத்தாண்டு பொறுத்திருக்கும். படகில் விழுந்த வெடிப்பு ஓர் இரவும் பொறுக்காது. ஆகவே, பேணுதலின் இயல்பும் அதன் கடமையும் அதன் மயக்கமும் படகில் தெளிவாகத் தெரிவதுபோல் வேறெதிலும் தெரிவதில்லை. பாட்டனார் கட்டிய வீடு, ஊர்க் கிணறு, பழைய தையல் எந்திரம், கரையான் தொட்ட கிதாபுகள் என்று பேணவேண்டிய ஏதோ ஒன்று நம் ஒவ்வொருவரிடமும் இருக்கத்தான் செய்கிறது.

படகு கேட்பது

தமிழகத்தின் தென்கடற்கரை மரக்கலங்களின் கரை. காயல்பட்டினமும் கீழக்கரையும் கப்பலால் வாழ்ந்த ஊர்கள். மரைக்காயர் என்னும் பெயரே மரக்கலத்திலிருந்து வந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. தூத்துக்குடித் தோணிகள் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிச் சென்று வந்தவை. முதலில் பாயினால் ஓடி, பின்னர் எந்திரம் பொருத்தப்பட்ட இத்தோணிகளின் உடல் மரமே. அடியில் ஏரா என்னும் நெடுமரம். அதிலிருந்து விலாவெலும்புபோல் எழும் வங்குகள். வங்குகளின்மேல் அறையப்பட்ட பலகைகள். இவற்றை இணைத்து உருவாக்கும் தச்சருக்கு ஓடாவி என்று பெயர்.

பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கில் பஞ்சுத் திரியை உளிகொண்டு அடித்துச் செலுத்தி, எண்ணெயில் காய்ச்சிய குங்கிலியத்தை அதன்மேல் பூசுவர். இவ்வேலைக்குத் தமிழில் கலப்பற்று என்று பெயர். அரபு அகராதிகளில் ‘ஜில்ஃபாத்’ என்றொரு சொல் உண்டு. கப்பலின் இடுக்குகளில் நூலையும் கந்தலையும் திணித்துக் கீல் பூசுபவன் என்று அதற்குப் பொருள் கூறப்படுகிறது. ‘கல்ஃபத்த’ என்னும் அரபு வினைச்சொல்லும், போர்த்துக்கீசியரின் ‘கலஃபாத்தே’ என்னும் சொல்லும், நமது கலப்பற்றும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இன்னொன்றும் நினைவுகூரத்தக்கது. மராமத்து என்று நாம் நாள்தோறும் வழங்கும் சொல், செப்பனிடுதல் என்னும் பொருளுடைய அரபு வேரிலிருந்து பாரசீகம், உருது வழியாக நம்மை வந்தடைந்தது. பழுது பார்க்கும் சொற்களுமே கடல் கடந்து வந்திருக்கின்றன.

மரப்படகின் இயல்பு விந்தையானது. நீரில் இருக்கும்போது பலகைகள் உப்பி ஒன்றையொன்று நெருக்கி இடுக்குகளைத் தாமே மூடிக்கொள்கின்றன. கரையில் ஏற்றி வெயிலில் கிடத்தினாலோ பலகைகள் வற்றி இடுக்குகள் வாய் பிளக்கின்றன. கடல்நீரிலேயே கிடந்தால் மரத்தைத் துளைக்கும் ஓர் உயிரினம் உள்ளே புகுந்துவிடுகிறது. புழு என்று அழைக்கப்பட்டாலும் அது உண்மையில் சிப்பி இனத்தைச் சேர்ந்தது. வெளியே ஊசித்துளை; உள்ளே தேன்கூடு. மேல்தளத்தில் தேங்கும் மழைநீரோ, உப்பு நீரைவிட விரைவாக மரத்தை மக்கச் செய்கிறது. ஆகவே உழைத்தாலும் தேய்வு, ஓய்ந்தாலும் கேடு என்பதே படகின் நிலை. மனிதனின் உடலுக்கும் இதுவே விதி அன்றோ?

கி.பி. 1183-ஆம் ஆண்டு பயணம் புறப்பட்ட இப்னு ஜுபைர் (ரஹ்), செங்கடல் துறைமுகமான அய்தாபில் கண்ட கப்பல்களை விவரித்திருக்கிறார். அவற்றில் ஆணி இல்லை. தென்னை நார்க் கயிற்றினால் பலகைகள் தைக்கப்பட்டிருந்தன. நெய்யோ, ஆமணக்கெண்ணெயோ, சுறா எண்ணெயோ அவற்றுக்கு ஊட்டப்படும் என்றும், மூன்றிலும் சுறா எண்ணெயே சிறந்தது என்றும் அவர் குறிப்பிடுகிறார். பவளப் பாறைகள் நிறைந்த அக்கடலில் மரம் வளைந்து கொடுக்கவேண்டும் என்பதற்காகவே அந்த எண்ணெய். ஹஜ்ஜுக்குப் போகும் வழியில் கப்பலின் எண்ணெயைக்கூடக் கூர்ந்து நோக்கிய அந்த அறிஞரின் கண் போற்றத்தக்கது.

இனி, நாம் முதலில் சொன்ன மனிதரை, அதாவது தொழிலாக அன்றி விருப்பத்தினால் படகு வைத்திருப்பவரை, எங்கே மிகுதியாகக் காணலாம்? இங்கிலாந்தின் கால்வாய்களில் காணலாம். அங்கே ‘நேரோபோட்’ என்னும் ஒடுங்கிய படகுகள் உண்டு. அகலம் ஏறத்தாழ 7 அடி. நீளம் 70 அடிக்குமேலும் இருக்கும். ஒரு காலத்தில் குதிரை இழுக்க நிலக்கரியும் பிறவும் சுமந்த இவை, ரயிலுக்கும் லாரிக்கும் தோற்றுச் சரக்கை இழந்தன. பின்னர் ஆசிரியர், எழுத்தர், ஓய்வு பெற்றோர் எனப் பலதிறத்தார் அவற்றை வாங்கிச் செப்பனிட்டு வீடாகவும் உலாப் படகாகவும் ஆக்கிக்கொண்டனர். இன்றைய படகுகளில் பெரும்பாலானவை எஃகினால் ஆனவை. மரத்துக்கு மக்கல் எதிரி. எஃகுக்குத் துரு எதிரி. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை படகை நீரிலிருந்து வெளியே எடுத்து, அடிப்பகுதியைச் சுரண்டிக் கறுப்புக் கீல் பூசவேண்டும். உடலோடு மக்னீசியக் கட்டிகள் சிலவற்றைப் பற்றவைத்திருப்பர். நீரில் எஃகு அரிக்கப்படுவதற்குப் பதிலாக அந்தக் கட்டிகள் அரிக்கப்படும். படகைக் காப்பதற்காகத் தேய்வதே அவற்றின் பணி. முற்றும் தேய்ந்தபின் புதியவை பொருத்தப்படும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. எந்திரத்தின் தண்டு படகின் உடலைத் துளைத்து வெளியே செல்லும் இடத்தில் மசகு தோய்ந்த திரி சுற்றப்பட்டிருக்கும். அவ்விடத்தில் சிறிதே நீர் சொட்டுவது இயல்பு. பழகாத உடைமையாளர் அச்சொட்டைக் கண்டு அஞ்சி, ஒரு துளியும் வராதபடி முறுக்கி இறுக்கிவிட்டால், தண்டு சூடேறித் தேய்ந்துபோகும். எல்லாக் குறையையும் அகற்றிவிடுவது பேணுதல் அன்று. எந்தக் குறையோடு வாழலாம் என்று அறிவதும் பேணுதலே. இது குடும்பத்தலைவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் பொருந்துவதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

உயிருள்ளதும் உயிரற்றதும்

இனி நம் கேள்விக்கு வருவோம். உடைமையைப் பேணுவது கடமையா? நம் சட்டவியல் அறிஞர்கள் இதை வெகு நுட்பமாக ஆராய்ந்திருக்கிறார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்களின் ‘மின்ஹாஜ்’ என்னும் நூலில் ஜீவனாம்சத்தைப் பற்றிய பகுதியின் இறுதியில் இது பேசப்படுகிறது. கால்நடையை வைத்திருப்பவர் அதற்குத் தீனியும் தண்ணீரும் கொடுத்தே ஆகவேண்டும். கன்றுக்குத் தீங்காகும் அளவுக்குப் பால் கறத்தலும் கூடாது. ஆனால் வீடு, நீர்க்கால் போன்ற உயிரற்ற பொருள்களைச் செப்பனிடுவது உடைமையாளர்மேல் கட்டாயம் இல்லை. உயிருள்ளதற்கு வலி உண்டு. ஆகவே உரிமையும் உண்டு. பலகைக்கு வலி இல்லை. ஆகவே அது நம்மேல் வழக்குத் தொடுக்காது.

முதற்பார்வையில் இது படகுக்காரருக்கு விடுதலைபோல் தோன்றும். ஆனால் அறிஞர்கள் அவ்விடத்தில் நின்றுவிடவில்லை. பொருளைக் காரணமின்றிப் பாழாக விடுவது வெறுக்கத்தக்கது என்றார்கள். செல்வத்தை வீணாக்குதல் மார்க்கத்தில் தடுக்கப்பட்ட ஒன்று. மேலும், அப்பொருளில் பிறர் உரிமை கலந்துவிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. அநாதையின் சொத்தை நிர்வகிப்பவர் அதைப் பாழடைய விடலாகாது. வக்ஃபு சொத்து இன்னும் கடுமையானது. ஹனஃபி மத்ஹபின் புகழ்பெற்ற நூலாகிய ‘ஹிதாயா’, வக்ஃபின் வருவாயிலிருந்து முதற்செலவு அதனைச் செப்பனிடுவதற்கே என்று விதிக்கிறது. வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனை எழுதியிருந்தாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி. ஏழைக்குக் கொடுப்பதற்கு முன்பே சுவருக்குக் கொடு என்பது முதலில் நெஞ்சை உறுத்தும். சுவர் விழுந்தபின் ஏழைக்கு எங்கிருந்து கொடுப்பது என்று எண்ணினால் அதன் நியாயம் விளங்கும்.

ஆகவே பேணுதலுக்கு மூன்று படிகள் உண்டு என்று கொள்ளலாம். தனக்கு மட்டுமே உரியதைப் பேணுவது நல்லது, கட்டாயம் அன்று. பிறர் உரிமை கலந்ததைப் பேணுவது கடமை. பிறர் உயிர் அடங்கியதைப் பேணாதிருப்பது குற்றம். தோணிக்காரர் தனியாகக் கரையோரம் துடுப்பு வலிக்கும்வரை முதற்படியில் நிற்கிறார். அண்டை வீட்டுப் பிள்ளையை ஏற்றிக்கொண்ட அந்த நொடியிலேயே மூன்றாம் படிக்கு வந்துவிடுகிறார். இங்கிலாந்தின் உள்நாட்டு நீர்வழிகளில் படகுகள் பொதுவாக 4 ஆண்டுகளுக்கு ஒருமுறை எரிவாயு, எரிபொருள், மின்சாரம் ஆகியவற்றின் பாதுகாப்புச் சோதனைக்கு உட்படவேண்டும் என்று விதித்திருப்பதன் அடிப்படையும் இதுவே. கரையோரம் அடுத்தடுத்துக் கட்டிய படகுகளில் ஒன்று தீப்பற்றினால் அது ஒருவருடைய நட்டமாக முடிவதில்லை.

படகுடைய ஏழைகள்

ஆயினும் பேணுதலுக்கு எதிரான வாதமும் வலுவானதே. பழைய படகு உடைமையாளரைத் தின்னும் என்பர். மகளுக்கு வைத்த நகைப்பணம் பலகையாகிவிடுவதும், முதிய தாயாரின் மருந்துச் செலவு வண்ணப்பூச்சாகிவிடுவதும் நடக்கக்கூடியவையே. பொருளை நாம் உடைமையாகக் கொண்டிருக்கிறோமா, பொருள் நம்மை உடைமையாகக் கொண்டிருக்கிறதா என்று கேட்கவேண்டிய இடம் அது.

‘கஹ்ஃபு’ அத்தியாயத்தில் மூஸா (அலை) அவர்களும் கிள்ர் (அலை) அவர்களும் ஏறிய படகின் வரலாறு நாம் அறிந்ததே. அப்படகு கடலில் உழைக்கும் ஏழைகளுக்கு உரியது என்று திருமறை குறிப்பிடுகிறது. இவ்விடத்தில் நம் இமாம்கள் ஒரு சுவையான வாதம் நிகழ்த்தினர். ஃபகீர், மிஸ்கீன் என்னும் இருவரில் யார் மிக வறியவர்? படகு உடையவர்களையே மிஸ்கீன்கள் என்று திருமறை அழைத்திருப்பதால், மிஸ்கீனிடம் ஏதேனும் சிறிது பொருள் இருக்கும். ஃபகீரே அவரினும் வறியவர் என்றார்கள் ஷாஃபிஈ மத்ஹபினர். ஹனஃபி மத்ஹபினர் இதற்கு மாறாக, மிஸ்கீனே மிக வறியவர். அப்படகு அவர்களுக்குச் சொந்தமாக இல்லாமல் கூலிக்கோ இரவலுக்கோ எடுத்ததாக இருக்கலாம், அல்லது இரக்கம் பற்றி அவ்வாறு அழைக்கப்பட்டிருக்கலாம் என்றார்கள். இவ்வாதத்தின் முடிவு எதுவாயினும், அதன் அடியில் ஓர் உண்மை கிடக்கிறது. ஒருவர் பொருள் உடையவராக இருந்தும் ஏழையாக இருக்க முடியும். உடைமையே செலவை ஈன்றுகொண்டிருந்தால் உடைமை செல்வமாகாது.

ஆகவே பழைய படகைப் பேணுகிறவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளவேண்டிய கேள்விகள் சில உண்டு. இச்செலவினால் எவருடைய உரிமை குறைகிறது? மனைவி மக்களின் உணவும் கல்வியும் முழுமையாக நிறைவேறியபின் எஞ்சியதா இது? இப்படகு எவருக்கேனும் பயன்படுகிறதா, அல்லது பிறர் பார்க்கவேண்டும் என்பதற்காகவே மெருகேறுகிறதா? நாளையே இது மூழ்கிப்போனால் நம் தொழுகையும் உறக்கமும் கெடுமா? முதல் மூன்றுக்கும் நேர்மையான விடை சொல்ல முடிந்தவருக்கு நான்காவது கேள்வி அவ்வளவு அச்சம் தராது.

பூச்சும் நேர்மையும்

தச்சர் அல்லாத உடைமையாளருக்கு வரும் முதற்சோதனை வண்ணப்பூச்சு. மக்கிய பலகையை அகற்றுவது கடினம். அதன்மேல் மெழுகும் மாவும் அப்பி, வழவழப்பாகத் தேய்த்து, இரண்டு பூச்சு வண்ணம் ஏற்றிவிடுவது எளிது. காண்போர் கண்ணுக்குப் படகு புதிதாகிவிடும். ஆனால் உள்ளே ஈரம் அடைபட்டு, மக்கல் முன்னிலும் விரைந்து பரவும். பூச்சு என்பது பழுதைப் பார்த்தல் அன்று, பழுதைப் பாராதிருத்தல்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்ட நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் உள்ளது. மழையில் நனைந்தது என்று வணிகர் காரணம் சொன்னார். மக்கள் காணும்படி நனைந்ததை மேலே வைத்திருக்கவேண்டாமா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் தம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்று கடிந்துரைத்தார்கள். நனைந்தது குற்றம் அன்று, மறைத்ததே குற்றம். பழைய படகை விற்பவருக்கும், பழைய வீட்டை விற்பவருக்கும், பழைய வண்டியை விற்பவருக்கும் இதைவிடத் தெளிவான சட்டம் தேவையில்லை.

ஆனால் விற்காமலே தம்மைத்தாம் ஏமாற்றிக்கொள்வதும் உண்டு. அதற்கு மருந்து சுத்தியல்தான். அனுபவமுள்ள ஓடாவி பலகையைக் கண்ணால் மட்டும் பார்ப்பதில்லை, தட்டிக் கேட்கிறார். நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும். மக்கிய மரம் மந்தமாக ஒலிக்கும். எஃகுப் படகிலும் இதே வேலையை ஒலியலைக் கருவி செய்கிறது. தகட்டில் எத்தனை மில்லிமீட்டர் எஞ்சியிருக்கிறது என்று அது காட்டிவிடும். புதிய படகின் அடித்தகடு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர். தேய்ந்து தேய்ந்து 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் காப்பீட்டு நிறுவனங்கள் பொதுவாக ஏற்கமாட்டா. பழுதை அறியாமல் பழுதைத் திருத்த முடியாது. தட்டிப் பார்க்க அஞ்சுகிறவர் தம் உள்ளத்தையும் தட்டிப் பார்க்கமாட்டார்.

இவ்விடத்தில் தொழில் அறியாத உடைமையாளருக்கு ஒரு சிறப்பும் உண்டு. தம் கையால் ஒரு முழ நீள இடுக்கைக் கலப்பற்று செய்து பார்த்தவருக்குத்தான் ஓடாவியின் கூலி ஏன் அவ்வளவு என்பது விளங்கும். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கான கட்டுத்துணி நெய்யப்படுகிறது. அந்தத் துணியின் அருமையைக் காயம்பட்டவர் அறிவார். அதுபோல், பிறர் உழைப்பின் அருமையை அவ்வேலையில் கைவைத்தவரே அறிவார். வங்கை மாற்றுவதையும் ஏராவைத் தொடுவதையும் தொழில் தெரிந்தவரிடம் விட்டு, சுரண்டுவதையும் பூசுவதையும் தாம் ஏற்றுக்கொள்வது அறிவுடைமை. எங்கே தம் கை நிற்கவேண்டும் என்று அறிவதும் ஒரு கல்வியே.

அதே படகுதானா?

இனி ஒரு தத்துவக் கேள்வி. பலகை பலகையாக மாற்றி, ஒரு நாள் பழைய பலகை ஒன்றுகூட எஞ்சவில்லை என்றால், அது அதே படகுதானா? கிரேக்கர் இக்கேள்வியைத் தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை வைத்துக் கேட்டனர். ஏதென்ஸ் நகரத்தார் அக்கப்பலை மக்கிய மரங்களை மாற்றி மாற்றிப் பன்னெடுங்காலம் காத்தனர் என்றும், அது அதே கப்பல்தான் என்று சிலரும் அன்று என்று சிலரும் வாதிட்டனர் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேய அறிஞர் ஹாப்ஸ், கழற்றிய பழைய பலகைகளையெல்லாம் ஒருவர் சேர்த்துவைத்து மற்றொரு கப்பல் கட்டினால் எது உண்மையான கப்பல் என்று கேட்டு முடிச்சை இன்னும் இறுக்கினார்.

நம் கலாம் அறிஞர்களுக்கு இக்கேள்வி புதியதன்று. நிறம், அசைவு போன்ற பண்புகள் இரண்டு கணங்கள் நிலைத்திருப்பதில்லை. ஒவ்வொரு கணமும் அல்லாஹ் அவற்றைப் புதிதாகப் படைக்கிறான் என்பது அஷ்அரி கொள்கையினரின் கருத்து. அதன்படி எந்தப் பொருளும் தன் வலிமையால் நீடிப்பதில்லை, நீடிக்கச் செய்யப்படுகிறது. ஆக்கிவிட்டு விலகிப்போகும் தச்சன் அல்லன் இறைவன். அவன் நிலைநிறுத்திக்கொண்டே இருப்பவன். கய்யூம் என்னும் திருநாமத்தை ஓதுகிற நமக்கு, பேணுதல் ஆக்குதலைவிடத் தாழ்ந்த வேலை என்று எண்ணத் தகுமா?

எனவே அதே படகுதானா என்ற கேள்விக்கு நம் விடை இது. படகு என்பது பலகைகளின் குவியல் அன்று. நூஹ் (அலை) அவர்களின் மரக்கலத்தைத் திருமறை ஓரிடத்தில் அதன் பலகைகளையும் ‘துஸுர்’ என்பதையும் கொண்டே சுட்டுகிறது. துஸுர் என்பதற்கு ஆணிகள் என்று சிலரும், பிணைக்கும் நார்க்கயிறுகள் என்று சிலரும் பொருள் கூறினர். எப்படியாயினும், பலகையோடு பிணைப்பும் சேர்ந்து சொல்லப்பட்டது கவனிக்கத்தக்கது. பலகை மாறலாம், பிணைப்பும் பயனும் பேணுகிற கையின் தொடர்ச்சியும் மாறாதவரை படகு அதுவே. ஒரு குடும்பமும், ஒரு மத்ரஸாவும், ஒரு ஜமாஅத்தும் இவ்வாறே நீடிக்கின்றன.

தனிப் படகும் பொது நீரும்

இதுவரை படகைப் பற்றியே பேசினோம். படகு மிதக்கும் நீரைப் பற்றிப் பேசவில்லை. உண்மையான சோதனை அங்கேதான் இருக்கிறது.

இங்கிலாந்தில் எல்.டி.சி. ரோல்ட் என்றொரு பொறியாளர் இருந்தார். 1939-ஆம் ஆண்டு ‘கிரெஸ்ஸி’ என்னும் பழைய மரப்படகைச் செப்பனிட்டு வீடாக்கிக்கொண்டு மனைவியுடன் கால்வாய்ப் பயணம் புறப்பட்டார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1944-இல் வெளிவந்தது. கால்வாய்கள் தூர்ந்தும் மூடப்பட்டும் அழிந்துகொண்டிருந்த காலம் அது. நூலைப் படித்தவர்கள் ஒன்றுகூடினர். 1946-இல் உள்நாட்டு நீர்வழிகளைக் காக்கும் சங்கம் தோன்றியது. பின்னர் தன்னார்வலர் பலர் சேற்றில் இறங்கித் தூர் வாரி, மதகுகளைச் செப்பனிட்டு, கைவிடப்பட்ட கால்வாய்கள் பலவற்றை மீட்டனர். ஆனால் கிரெஸ்ஸியின் மரம் மக்கிப்போயிற்று. 1951-இல் ரோல்ட் படகு வாழ்வை விட்டு நீங்கினார், அப்படகும் முடிந்துபோயிற்று. படகு அழிந்தது, நீர்வழி பிழைத்தது.

நம் நாட்டில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு. சென்னைக்கு வடக்கே எண்ணூர் நோக்கி 1806-இல் கொக்ரேன் என்பவரின் முயற்சியால் வெட்டத் தொடங்கிய கால்வாய், 1837-இல் அரசின் கைக்கு வந்தது. பின்னர் வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877–78-இல், பசித்த மக்களுக்குக் கூலி தந்து சென்னை நகருக்குள் ஒரு பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. ஆந்திரத்தின் பெத்தகஞ்சாமிலிருந்து மரக்காணம் பகுதிவரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். அதில் தமிழகத்தின் பங்கு ஏறத்தாழ 163 கிலோமீட்டர். உப்பும் விறகும் தானியமும் ஏற்றிய மரப்படகுகளைப் பாயாலும் கழியாலும் செலுத்தினர். காற்று இல்லாதபோது கரைவழியே மனிதர் கயிறுகட்டி இழுத்தனர். படகுக்காரர்கள் தம் படகுகளைப் பேணத் தவறவில்லை. ஆனால் கால்வாய் தூர்ந்தது. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கரைகளைச் சிதைத்தன. நகரத்தின் கழிவுநீர் கலந்தது. 1990-களில் பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் போக்கிலேயே ஊன்றப்பட்டன. நீர்வழி அழிந்தபின், நன்றாகக் கலப்பற்று செய்த படகினால் என்ன பயன்?

இரண்டு வரலாறுகளையும் ஒப்பிட்டால் ஒரு முடிவு தெளிவாகிறது. தன் படகை மட்டும் பேணுகிறவர் இறுதியில் தன் படகையும் பேணியவர் ஆகார். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்கள் அறிவித்த ஹதீஸ் நினைவுக்கு வருகிறது. கப்பலொன்றில் சீட்டுக் குலுக்கிச் சிலர் மேல்தளத்திலும் சிலர் கீழ்த்தளத்திலும் அமர்ந்தனர். தண்ணீருக்காக மேலே சென்று பிறருக்குத் தொல்லை தருவதைவிட, தம் பகுதியில் ஒரு துளையிட்டுக்கொள்ளலாமே என்று கீழே இருந்தவர்கள் எண்ணினர். மேலே இருப்பவர்கள் அவர்களை விட்டுவிட்டால் எல்லாரும் அழிவர். தடுத்தால் எல்லாரும் பிழைப்பர். கீழ்த்தளத்தாரின் எண்ணம் தீயதன்று. பிறருக்குத் தொல்லை தரலாகாது என்பதே. நல்லெண்ணம் கப்பலைக் காப்பாற்றாது. மரம் பொதுவானது என்னும் அறிவே காப்பாற்றும்.

நம் பகுதிக்கும் இது நேரடியாகப் பொருந்தும். கண்மாயே நமக்குக் கடல். கரையை உயர்த்துவதும், மடையைச் செப்பனிடுவதும், வரத்துக்காலைத் தூர் வாருவதும் ஒரு காலத்தில் ஊரார் அனைவரின் பொறுப்பாக இருந்தன. அதற்குக் குடிமராமத்து என்று பெயர். குடி என்னும் தமிழ்ச்சொல்லும் மராமத்து என்னும் அரபு வழிச்சொல்லும் கைகோத்து நிற்கும் அழகிய தொடர் அது. அவ்வழக்கத்தைக் கட்டாயமாக்க 1858-இல் ஆங்கில அரசு சென்னை மாகாணத்தில் ஒரு சட்டம் இயற்றியது. மனமுவந்து செய்ததைச் சட்டத்தால் செய்விக்க முயன்றதே வழக்கம் தளர்ந்துகொண்டிருந்ததற்குச் சான்று. 2017-இல் தமிழக அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் திரும்பிவிட்டது. பொறுப்புணர்வு திரும்புவது நம் கையில் இருக்கிறது.

கைவிடும் நேரம்

எல்லாவற்றையும் என்றென்றும் பேணவேண்டும் என்று நாம் கூறவில்லை. கிள்ர் (அலை) அவர்கள் அந்த ஏழைகளின் படகைப் பழுதாக்கினார்கள். நல்ல படகுகளையெல்லாம் பறித்துக்கொண்டிருந்த அரசனிடமிருந்து அதைக் காப்பதற்காகவே அவ்வாறு செய்தார்கள். அரசன் கடந்துபோனபின் உடைமையாளர்கள் அதைச் செப்பனிட்டுக்கொண்டனர் என்று புகாரியின் அறிவிப்பில் காணப்படுகிறது. துளையைக் குப்பியால் அடைத்தனர் என்போரும் உண்டு. கீலினால் அடைத்தனர் என்போரும் உண்டு என்று அதே அறிவிப்பு கூறுகிறது. ஒரு துளையை எதனால் அடைத்தார்கள் என்னும் செய்தியைக்கூட நம் முன்னோர் கைவிடாமல் காத்து நமக்கு அளித்திருப்பதை எண்ணுந்தோறும் வியப்புண்டாகிறது. ஒரு பழுது அருளாகவும் இருக்கக்கூடும் என்பதும், அப்போதும் பழுது பார்க்கும் வேலை மனிதருக்கே எஞ்சுகிறது என்பதும் அவ்வரலாற்றில் அடங்கியுள்ளன.

ஆனால் ஏராவே மக்கிவிட்டால் அல்லது எல்லா வங்குகளும் நொய்ந்துவிட்டால், அப்படகை விட்டுவிடுவதே அறம். அதற்குப்பின் செலவிடுவது பொருளைப் பேணுதல் ஆகாது. தம் ஆசையைப் பேணுதல் ஆகும். நல்ல பலகைகளைக் கழற்றி வேறொரு படகுக்குக் கொடுக்கலாம். ஆணிகளைப் பிடுங்கி மீண்டும் பயன்படுத்தலாம். அதுவும் பேணுதலின் ஒரு வகையே. ஜனாஸாவை நல்ல முறையில் அடக்கம் செய்வதைக் கடமையாகக் கொண்ட சமுதாயம், முடிந்துபோன ஒன்றை முடிந்ததென்று ஏற்றுக்கொள்ளத் தயங்கலாகாது.

கடைசியாக ஒன்று. பொருளைவிட விரைவாக அழிவது பொருளைச் செப்பனிடும் அறிவு. 1980-இல் டிம் செவரின் என்பவர் ஓமானில் ஆணியில்லாத பழங்காலக் கப்பல் ஒன்றைக் கட்ட முற்பட்டபோது, நாரினால் பலகை தைக்கத் தெரிந்தவர்களை லட்சத்தீவுகளிலிருந்து அழைத்துச் செல்ல நேர்ந்தது. ‘சோஹார்’ என்னும் அக்கப்பல் சீனம் வரை சென்றடைந்தது. 2025-ஆம் ஆண்டு இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பட்ட ‘கௌண்டின்யா’ என்னும் தைத்த பாய்க்கப்பலும் இத்தகைய கைகளை நம்பியே உருவாயிற்று. பெரிய கப்பல்களின் காலம் போனபின்னும் சிறு படகுகளைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தவர்கள் இருந்தமையால்தான் அக்கைகள் எஞ்சின. ஆகவே, வருவாய் தராத பழைய படகுக்குக் கலப்பற்று செய்ய ஓர் ஓடாவியை அழைக்கிறவர் பலகைக்கு மட்டும் செலவிடவில்லை. அந்த ஓடாவியின் மகன் உளி பிடிக்கக் கற்றுக்கொள்வதற்கும் செலவிடுகிறார்.

எனவே நாம் காணும் முடிவு இதுவே. பழுது பார்த்தல் தன்னளவில் அறமும் அன்று, பற்றும் அன்று. பிறர் உரிமையைக் குறைத்து, பழுதை மறைத்து, தனக்கென்று மட்டும் பற்றிக்கொள்ளும்போது அது பற்று. பிறர் உரிமையை நிறைவேற்றியபின், பழுதை நேர்நின்று நோக்கி, பயன் கருதி, பொதுநீரையும் சேர்த்துப் பேணி, நேரம் வந்தால் கைவிடவும் அறிந்திருக்கும்போது அது அறம். நம்மிடம் உள்ளவை யாவும் அமானிதமே. பெற்றபோது இருந்த நிலையினும் கெடாமல் அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் வாய்ப்பை அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக.